லுனினாவில் வாசல் திறந்த நாள்

அன்பு மகள் கைரிக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், உடம்புக்குப் பெரிய குறை ஒன்றும் இல்லை, நீயும் ஆஸ்திரேலியாவில் வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்கிறாய் என்று நம்பியே பேனாவை எடுத்தேன். அங்கே இப்போது குளிர்காலம் என்றாய், ஆப்பிள் மரங்களுக்குக் கிளை வெட்டும் வேலை என்றாய், ஈரக் கையுறையைக் கழற்றாமல் நாள் முழுக்க நிற்காதே, உனக்குச் சின்ன வயதிலிருந்தே குளிர் பட்டால் விரல் வெளுத்துப்போகும். இங்கே ஆகஸ்ட் முடியப்போகிறது, உருளைக்கிழங்கில் பாதியைத் தோண்டிவிட்டோம், இந்த வருஷம் மழை அதிகம், கிழங்கு பார்க்கப் பெரிதாக இருக்கிறது, வெட்டினால் உள்ளே கறுத்துக் கிடக்கிறது. தக்காளி பழுக்கிற வழியாகத் தெரியவில்லை. எனக்கு ரத்த அழுத்த மாத்திரையை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள், காலையில் எழுந்ததும் கொஞ்சம் தலை சுற்றுகிறது, மற்றபடி பரவாயில்லை. இதையெல்லாம் ஞாயிற்றுக்கிழமை போனில் சொல்லலாமே, இவள் எதற்குத் தாளும் கையுமாக உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைப்பாய். போனில் சொல்ல முடியாது. அப்பாவுக்குக் காது மந்தமான பிறகு போனைச் சமையலறை மேஜை மேல் வைத்துச் சத்தமாகத்தான் பேசுகிறோம், நீ அனுப்பும் சேதிகளையும் அவர்தான் முதலில் கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்கிறார். அவர் காதில் விழக்கூடாத ஒன்றை உனக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதனால்தான் இந்தக் கடிதம், தபாலில் சேர்க்கவும் நானே போகப்போகிறேன்.

போன சனிக்கிழமை லுனினாவில் சாப்பாட்டுத் திருநாள் நடந்தது. ஏரிக்கரைத் தெரு நெடுக ஒவ்வொரு வீட்டுக்காரரும் முற்றத்தில் மேஜை போட்டு, சமைத்ததைக் கொண்டுவந்து வைத்து, வருகிறவர்களுக்கெல்லாம் பரிமாறுவார்களே, அதேதான். நீயும் அண்ணன் ஐவாரும் பள்ளிக்கூட நாளில் சைக்கிளில் போய் வயிறு முட்டத் தின்றுவிட்டுத் திரும்பி வரும்போது வழியில் படுத்துக் கிடப்பீர்கள். அந்த ஊர்க்காரர்களின் வாசல் எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியும், ஆள் உயரத்துக்கு மேல் பலகை அடித்து வருஷம் முழுக்க உள்ளே தாழ் போட்டே வைத்திருப்பார்கள். அந்த ஒரு நாள் மட்டும் வாசலைத் திறந்து கொடி கட்டிவிட்டால் வருகிறவன் யார் எவன் என்று பார்க்கக் கூடாது, உட்காரவைத்துச் சாப்பாடு போட்டே ஆக வேண்டும், அது அவர்களுக்குள் ஒரு கட்டுப்பாடு. கடைக்கு ரொட்டி வாங்கப் போன அப்பா, இந்த வருஷம் உஸ்தீனியாவும் வாசல் திறக்கிறாளாம் என்று கேள்விப்பட்டு வந்தார். ஐவாருடைய கூட்டாளி ஆர்த்தெமியின் அம்மாதான். ரொட்டியை மேஜை மேல் வைத்துவிட்டு, "சனிக்கிழமை லுனினாவுக்குப் போறேன் லெய்டா. அன்னிக்கு என்னை எவனும் வெளிய நிறுத்த முடியாது" என்றார். நான் கழுவிக்கொண்டிருந்த பாத்திரத்தை மறுபடியும் கழுவினேன்.

ஐவார் நம்மை விட்டுப் போன அந்த மார்ச் மாதத்திலிருந்து அப்பா ஒரே கேள்வியை மென்றுகொண்டிருக்கிறார். உறைந்த ஏரிமேல் இனி யாரும் போகக் கூடாது என்று எல்லைக் காவலர்கள் மூடிவிட்ட பிறகு, பனி இளகிப்போன நேரத்தில், உன் அண்ணனும் ஆர்த்தெமியும் பனிமேல் ஓட்டுகிற அந்தப் பலூன் டயர் வண்டியை எடுத்துக்கொண்டு மீன் பிடிக்கப் போனார்கள். பனி உடைந்து வண்டி உள்ளே போய்விட்டது. இரண்டு பேரும் தண்ணீரிலிருந்து மேலே ஏறிவிட்டார்கள், நனைந்த உடம்போடு வெகு நேரம் பனிமேல் கிடந்தார்கள். லுனினா ஆட்கள் படகை இழுத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது ஆர்த்தெமிக்கு உயிர் இருந்தது, ஐவாருக்கு இல்லை. ஆர்த்தெமி போனைத் தொப்பிக்குள் செருகி வைத்திருந்ததால் அது நனையவில்லை. அதில்தான் தன் மாமனைக் கூப்பிட்டிருக்கிறான். அப்பாவுக்கு ஆறாதது இதுதான். நாற்பது வயதுக்கு மேலும் கயிற்றில் தொங்கி மீட்புப் படையில் வேலை பார்த்த மனிதர், மீட்புப் படையை அழைக்கிற 112-ஐக் கூப்பிட்டிருந்தால் லுனினாக்காரர்கள் படகுக்குக் கயிறு கட்டி முடிப்பதற்குள் ஹெலிகாப்டர் வந்து தூக்கியிருக்கும் என்று அவருக்குத் தெரியும். "மாமனைக் கூப்பிடத் தெரிஞ்சவனுக்கு எங்க ஆளுங்களைக் கூப்பிடத் தெரியலையா? மூடின ஏரிக்குள்ள போனது தெரிஞ்சா மீன்பிடி லைசென்ஸ் போயிடும்னு என் புள்ளையைச் சாக விட்டுட்டான்" என்று சுவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருப்பார். போலீசார் கேட்டபோது ஆர்த்தெமி, தோன்றவில்லை என்று மட்டும் சொன்னான். அடக்கத்தன்று அவன் கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு வெளியே தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றதை நீயே பார்த்தாய், உள்ளே கூப்பிடட்டுமா என்று கேட்டாய், நான்தான் வேண்டாம் என்றேன். நீ ஊருக்குப் போன பிறகு அப்பா அவர்கள் வாசலில் போய் நின்று தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு வந்தார், யாரும் திறக்கவில்லை. அதற்குப் பிறகு அவருக்குச் சாப்பாடே இறங்கவில்லை, கைரி. போனில் உன்னிடம் நன்றாகச் சாப்பிடுகிறேன் என்று சொன்னதெல்லாம் பொய். கரண்டியை வாய்வரை கொண்டுபோவார், அப்படியே கீழே வைப்பார். சட்டைக்குள் ஆள் இருக்கிறாரா என்று தேடும்படி ஆகிவிட்டார்.

சனிக்கிழமை காலையில் அவர் முகம் மழித்துக்கொண்டு, அடக்கத்துக்குப் போட்ட கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு இறங்கி வந்தார். கத்தி ஏதாவது எடுத்துவைத்திருக்கிறாரா என்று அவர் கோட்டைத் தடவிப் பார்க்கும் அளவுக்கு என் புத்தி போனது, கைக்குட்டையும் மாத்திரையும்தான் இருந்தன, அவர் நான் தடவியதைப் பார்த்துக்கொண்டே நின்றார். நானும் வருகிறேன் என்றேன். வேண்டாம் என்று சொல்லவில்லை, கொட்டகைக்குள் போய் என் சைக்கிளுக்கும் சேர்த்துக் காற்றடித்தார். கண் அறுவைக்குப் பிறகு அவர் கார் ஓட்டுவதில்லை, சனிக்கிழமை பஸ்ஸும் இல்லை, இருந்தாலும் திருநாள் அன்று ஏரிக்கரைத் தெருவுக்குள் வண்டிகளை விட மாட்டார்கள், எல்லாரும் சைக்கிள்தான். பார்லி அறுத்த வயல்களுக்கு நடுவே அந்தச் சரளைப் பாதையில் ஏரிக் காற்று முகத்தில் அறைந்தது. என் முட்டி உனக்குத் தெரியும். அவர் என்னைத் திரும்பியே பார்க்காமல் மிதித்தார், சாப்பிடாத அந்த உடம்பில் அவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, பிறகு மேடு ஏறிய இடத்தில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு நான் வரும்வரை நிற்பார், நான் மூச்சு வாங்கி முடிப்பதற்குள் கிளம்பிவிடுவார். எங்களைக் கடந்து போன இளவட்டங்கள் மணியடித்து, தாத்தா பாட்டி ரேஸ் விடுறாங்க என்று கேலி பண்ணிக்கொண்டு போனார்கள். நான் கையை ஆட்டினேன். எனக்கு மட்டும் அந்தப் பாதை முடியாமல் நீண்டுகொண்டே போனால் தேவலை என்று இருந்தது.

லுனினாவில் நல்ல கூட்டம். வேலியெல்லாம் சைக்கிள், முற்றமெல்லாம் புகை, ஆளாளுக்குக் கையில் தட்டு. தபாலாபீசில் இருந்து ஓய்வுபெற்றாளே உயரமான ஒரு பெண்மணி, அவள் முதல் வீட்டிலேயே வெங்காயம் பொதித்த ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். அப்பாவைப் பார்த்ததும், "என்ன ஹெல்டுர், சாவு வீட்டுக்கு வந்த மாதிரி கோட்டு போட்டுட்டு வந்திருக்கீங்க. என் ரொட்டி அவ்வளவு மோசமாவா இருக்கும்?" என்று கேட்டுவிட்டாள். கேட்ட பிறகுதான் யாரிடம் கேட்டோம் என்று உறைத்தது, அப்படியே முகம் சிவந்துபோய் ரொட்டியைத் திருப்பிப் போட மறந்து கருகவிட்டாள். அப்பா அவளைக் கோபிக்கவில்லை. நல்லா இருக்கும்மா என்று சொல்லிவிட்டு ஒரு துண்டை வாங்கி, தின்னாமல், அந்தக் கறுப்புக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு ஒவ்வொரு முற்றமாக நுழைந்து வெளியே வந்தோம், புகையில் வாட்டிய மீன், மீன் சூப், உப்பில் ஊறிய வெள்ளரிக்காய் என்று எதிரே வைத்தார்கள், அவர் எதையும் தொடவில்லை, மற்றவர் கண்ணுக்குக் குறையாகத் தெரியக் கூடாதே என்று நானே இரண்டு பேர் பங்கையும் விழுங்கினேன். அவர் தள்ளிப்போடுகிறார் என்று புரிந்தது. பயமாக இருந்தால் திரும்பிவிடலாம், வாருங்கள் என்று மெல்லச் சொல்லிப் பார்த்தேன். "பயந்தவன் அங்க இருக்கான். நான் எதுக்குப் பயப்படணும்?" என்றார்.

உஸ்தீனியாவின் வாசல் தெருக்கோடியில் திறந்தே இருந்தது. முற்றத்தில் இரண்டு நீள மேஜை, டவுனிலிருந்து வந்தவர்கள் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள், நடுவே தேநீருக்குக் கரி போட்டுக் கொதிக்கவைத்த பித்தளை சமோவார். அவள் எங்களைப் பார்த்தாள். கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள். ஆனாலும் அந்த ஊர்க் கட்டுப்பாட்டை மீறாமல் வந்து, உட்காருங்கள் என்று இடம் காட்டினாள், மீனும் உருளைக்கிழங்கும் சதகுப்பை தூவிக் கொண்டுவந்து வைத்தாள். அந்த ஊர் ரஷ்யர்கள் பழைய சமய வழக்கத்தை விடாதவர்கள், அந்தப் பழைய நம்பிக்கைக்காரர்கள் வீட்டில் வெளியாளுக்கென்று தனித் தட்டும் தனிக் கோப்பையும் வைத்திருப்பார்கள், வெளியாள் வாய் வைத்ததில் வீட்டுக்காரர் குடிப்பதில்லை, அந்தத் தனித் தட்டில்தான் வைத்தாள், எல்லாருக்கும் அப்படித்தான். ஐவார் இந்த வீட்டில் எத்தனை நாள் சாப்பிட்டிருப்பான், அவனுக்கு எந்தத் தட்டில் போட்டிருப்பார்கள் என்று எனக்கு அந்த நேரத்தில் ஒரு நினைப்பு. அப்பா தட்டைத் தள்ளிவைத்துவிட்டு, "உன் மகனைக் கூப்பிடு" என்றார். அவள் நம் மொழியைத் தட்டுத்தடுமாறிப் பேசுவாள், "சாப்பிடுங்க முதல்ல, சாப்பிடுங்க" என்றாள். அதற்குள் ஆர்த்தெமியே மீன் வாட்டுகிற புகைக் கூண்டுக்குப் பின்னாலிருந்து கையில் மீன் கோத்த கம்பியோடு வந்துவிட்டான். ஆள் பாதியாகியிருந்தான், ஒரு கையில் இரண்டு விரல் நுனி இல்லை, அந்தக் குளிரில் போனது.

அப்பா எழுந்து நின்றார். சத்தம் போடவில்லை, ஆனால் காது கேட்காதவர்கள் பேசுவதுபோல் முற்றம் முழுக்கக் கேட்கும்படி கேட்டார். "உன் போன் வேலை செஞ்சுது. மாமனைக் கூப்பிட்ட. 112-ஐ ஏன் கூப்பிடல? இத்தனை பேர் முன்னாடி சொல்லு." சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கரண்டியைக் கீழே வைத்தார்கள். ஆர்த்தெமி கம்பியைப் பத்திரமாக மேஜை மேல் வைத்தான், ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தான், பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "பயந்துட்டேன் ஐயா. லைசென்ஸ் போயிடும்னு பயந்துட்டேன்" என்றான். அவ்வளவுதான் சொன்னான். அப்பா அவனை அறைந்தார், கைரி. ஒரு அறைதான், ஆனால் அந்தக் கை என்ன கை என்று உனக்குத் தெரியும். ஆர்த்தெமி கையை உயர்த்தக்கூட இல்லை, உதடு கிழிந்து ரத்தம் வந்தது, துடைக்கவும் இல்லை. அப்பா அவன் காலடியில் துப்பினார், தட்டை எடுத்து மீனோடு தரையில் அடித்தார், தொப்பியை வைத்துக்கொண்டு வாசலைத் தாண்டிப் போய்விட்டார். யாரோ ஒருவன் போனைத் தூக்கிப் படம் எடுத்தான், உஸ்தீனியா அவன் கையைத் தட்டிவிட்டாள்.

நானும் பின்னாலேயே போயிருக்க வேண்டும். ஆனால் தரையில் உடைந்து கிடக்கிற பீங்கானைப் பார்த்தால் என் கை சும்மா இருக்காது, குனிந்து பொறுக்க ஆரம்பித்துவிட்டேன். உஸ்தீனியா வந்து என் கையைப் பிடித்துத் தூக்கி, சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள். அவள் அழுதுகொண்டிருந்தாள், அழுகையைவிடக் கோபம்தான் அதிகம். "உன் புருஷன் என்ன வேணா நெனச்சுக்கட்டும். நீ பெத்தவ. நீயும் அதையே நெனச்சுட்டு இந்த வாசலைத் தாண்டினா நான் தாங்க மாட்டேன். என் புள்ள கூப்பிடத்தான் போனான். உன் புள்ளதான் விடல" என்றாள். எனக்கு அவள் சொன்னது முதலில் புரியவில்லை, மொழி தெரியாமல் மாற்றிச் சொல்கிறாள் என்றுதான் நினைத்தேன். அதற்குள் கதவைத் திறந்துகொண்டு ஆர்த்தெமி வந்தான், ரஷ்ய மொழியில் அவளை அதட்டினான், அவளும் பதிலுக்குக் கத்தினாள். நான் அவனைப் பார்த்து, நீ சொல் என்றேன். மாட்டேன் என்று தலையாட்டினான். நான் அவன் அம்மாவின் துணியை எடுத்து அவன் உதட்டைத் துடைத்துவிட்டு, ஐவாரைப் பெற்றவள் கேட்கிறேன், சொல்லிவிடு என்றேன்.

அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், நீயும் தெரிந்துகொள்ள வேண்டும். "மேல ஏறின உடனே போனைத்தான் எடுத்தேன்மா. நம்பரே போட்டுட்டேன். ஐவார் என் கையைப் புடிச்சுட்டான். வேணாண்டா, அப்பாவோட ஆளுங்கதான் வருவாங்க, மறுபடியும் அவங்க கையில போய் விழுந்தா அப்பா வீட்டுக்குள்ள விட மாட்டாரு, உங்க மாமாவை வரச் சொல்லு, போதும்னான். எனக்கு ஒண்ணும் இல்லடா, குளிரக்கூட இல்லன்னு சிரிச்சான். நான் நம்பிட்டேன். அவன் பேசறதை நிறுத்தினப்புறம் 112-க்குப் போடலாம்னு எடுத்தா போன் குளிருல செத்துப் போயிருந்துச்சு. என் தப்புதாம்மா, அவன் பேச்சைக் கேட்டிருக்கக் கூடாது." அதற்கு முந்தின வருஷம் பனிப்பாளம் உடைந்து மிதந்தபோது மீட்புப் படை போய் ஐவாரைத் தூக்கி வந்ததை உனக்குச் சொன்னோம், படம் கூடப் பேப்பரில் வந்தது. அன்று நடந்த இன்னொன்றை உனக்கு நாங்கள் சொல்லவில்லை. தான் வேலை கற்றுக்கொடுத்த பையன்களே தன் மகனைப் போர்வையில் சுற்றி வீட்டு வாசலில் கொண்டுவந்து இறக்கியதை அப்பாவால் பொறுக்க முடியவில்லை. "இன்னொரு தடவை என் ஆளுங்க உன்னைத் தூக்கிட்டு வந்து போட்டா, இந்தப் படியை மிதிக்காத" என்று சொல்லிவிட்டார். கோபத்தில் வந்த பேச்சு. மறுநாள் அவரே அவனுக்கு மீன் வறுத்துக் கொடுத்தார். ஆனால் சொன்ன வார்த்தையை வாயால் திரும்ப எடுத்துக்கொள்கிற வழக்கம் நம் வீட்டில் இல்லை, அதன் மேல் உருளைக்கிழங்கைப் பரிமாறிச் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவோம். அவர் அதை மறந்தே போயிருப்பார். ஐவார் மறக்கவில்லை.

உஸ்தீனியா உள் அலமாரியிலிருந்து நீலப் பூப் போட்ட ஒரு கோப்பையை எடுத்தாள், அது அவள் தினமும் குடிக்கிற கோப்பை என்று விளிம்பு தேய்ந்ததிலேயே தெரிந்தது, அதில் தேநீரை ஊற்றி என் கையில் வைத்தாள். நான் வாய் வைத்தேன். இனி அதில் அவள் குடிக்க முடியாது, அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பிறகு ஆர்த்தெமியிடம், இதை ஏன் போலீஸிடம் சொல்லவில்லை, இன்றைக்கு அடி வாங்கும்போதாவது ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "என்னைத் திட்டினா அவருக்குத் திட்ட ஒரு ஆள் இருக்கும்மா. இதைச் சொன்னா அவர் யாரைத் திட்டுவாரு?" என்றான். ஐவாருடைய கூட்டாளி என்பதைத் தவிர அந்தப் பிள்ளையைப் பற்றி நமக்கு என்ன தெரிந்திருந்தது, கைரி. ஏரி ஊர்ப் பையன், மீன் நாற்றம், சத்தமாகச் சிரிப்பான், அவ்வளவுதான். இப்போது ஊரே அவனைக் கோழை என்கிறது, அவனோடு படகில் ஏற ஆள் வருவதில்லையாம், அதை அவன் சொல்லவில்லை, அவன் அம்மா சொன்னாள். நான் அவன் தலையில் கை வைத்துவிட்டு எழுந்து வந்தேன். என் பிள்ளைக்குச் செய்ய வேண்டியதை அவனுக்குச் செய்தேன் என்று வைத்துக்கொள்.

அப்பா தெருமுனையில் ஜெபக்கூடத்துச் சுவர் ஓரமாக இரண்டு சைக்கிளையும் பிடித்துக்கொண்டு நின்றார். போகும் வழியெல்லாம் என் வாயில் அந்த வார்த்தைகள் முட்டிக்கொண்டிருந்தன. உங்கள் வாய்தான் அவனைக் கொன்றது என்று கத்தினால் என்ன என்று நினைத்தேன், சத்தியமாக நினைத்தேன், அவர் மேல் எனக்கு அவ்வளவு வெறுப்பு இந்த வயதில் வரும் என்று நான் எதிர்பார்த்ததில்லை. கிட்டே போனதும் அவர், "இன்னிக்குத்தான் எனக்கு மூச்சு வருது லெய்டா. அவன் வாயாலயே வந்துடுச்சு பாத்தியா?" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. மார்ச்சிலிருந்து அழாதவர் அன்றைக்கு அந்தச் சுவரைப் பிடித்துக்கொண்டு சத்தம் வராமல் அழுதார், போகிற வருகிற ஜனம் பார்க்கிறதே என்ற கூச்சம்கூட இல்லாமல் அழுதார். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, பசிக்குது என்றார். அந்தத் தபாலாபீஸ்காரி வீட்டுக்கே மறுபடியும் போனோம். மீன் சூப் இரண்டு கிண்ணம் குடித்தார், வாட்டிய மீனை முள்ளோடு மென்றார், வெங்காய ரொட்டியைக் கேட்டு வாங்கினார், அவள் பாவம், தான் உளறியதற்குப் பரிகாரம்போல் ஓடி ஓடிப் பரிமாறினாள். நான் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். தாடையில் எண்ணெய் வழிய வழிய அவர் சாப்பிடுகிறார், அந்த வார்த்தை என் நாக்கின் நுனியில் இருக்கிறது. அவர் கறுப்பு ரொட்டியை எடுத்து என் பக்கம் நீட்டினார். நான் அதில் வெண்ணெய் தடவிக் கொடுத்தேன்.

அன்றிலிருந்து வேளாவேளைக்குச் சாப்பிடுகிறார், ராத்திரி தூங்குகிறார், நேற்று கூரையில் ஏறி ஒழுகுகிற இடத்தை அடைத்தார். நான்தான் அவர் குறட்டையைக் கேட்டுக்கொண்டு விழித்துக் கிடக்கிறேன். சொல்லாமல் விட்டது சரியா என்று உன்னிடம் கேட்கவில்லை, சரியில்லை என்றுதான் எனக்கே தோன்றுகிறது, ஒரு நல்ல பிள்ளையின் தலையில் பழியை ஏற்றிவைத்துவிட்டு இந்த வீட்டில் சோறு வேகிறது. ஆனால் ஒரு பிள்ளையைக் கொடுத்துவிட்டேன், புருஷனையும் கொடுக்க எனக்குத் தெம்பில்லை. வெங்காயம் வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வாரம் ஒருமுறை லுனினாவுக்குப் போகலாம் என்று இருக்கிறேன், அந்த அம்மாவிடம் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வர. நீயும் அப்பாவின் கோபத்துக்குப் பயந்துதான் அவ்வளவு தூரம் போனாயோ என்று சில சமயம் எனக்குத் தோன்றும், அதற்கு நீ பதில் எழுத வேண்டாம், ஆனால் உனக்கு அங்கே ஏதாவது ஒன்று என்றால், அது எப்படிப்பட்ட வெட்கக்கேடாக இருந்தாலும், முதலில் யார் காப்பாற்ற வருவார்களோ அவர்களைக் கூப்பிடு, அப்பா என்ன சொல்வார், அம்மா என்ன சொல்வாள் என்று ஒரு நிமிஷம்கூட யோசிக்காதே. இதை நீ எனக்குச் சத்தியம் பண்ணித் தர வேண்டும்.

கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி பின்னி வைத்திருக்கிறேன், தனிப் பொட்டலமாக அனுப்புகிறேன். இருட்டில் தனியாக வண்டி ஓட்டாதே, பணம் சேர்க்கிறேன் என்று பட்டினி கிடக்காதே. கடவுள் உன்னை எந்தக் குறையும் வராமல் பார்த்துக்கொள்ளட்டும், நீ நிறைய வருஷம் நன்றாக இருக்க வேண்டும், எங்களுக்கு இனி இருப்பது நீ ஒருத்திதான். ஞாயிற்றுக்கிழமை அப்பா உன்னிடம் லுனினாவில் நடந்ததை முதலிலிருந்து சொல்வார், ஆர்த்தெமியை வாய்க்கு வந்தபடி ஏசுவார். நீயும் கூடச் சேர்ந்து இரண்டு வார்த்தை ஏசு, நன்றாகக் கேட்டீர்கள் அப்பா என்று சொல். நேற்று அப்பா கூரைமேல் இருந்தபோது போன் போட்டு, இப்படிச் சொல்லச் சொல்வேன் என்று ஆர்த்தெமியிடம் முன்பே சொல்லிவிட்டேன், சரிம்மா என்றான். குரல் நடுங்காமல் சொல்லப் பழகிக்கொள், நான் பழகிவிட்டேன்.

இப்படிக்கு,
உன்னையே நினைத்திருக்கும் அம்மா
லெய்டா